6746328388800 என்ற எண்ணுக்கு அப்படி என்ன சிறப்பு?

6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இது பெரிய எண் என்பது ஒரு விஷயமே இல்லை. இதற்கு 10,080 காரணிகள், அதாவது இதை மீதியின்றி வகுக்கும் எண்கள், உண்டு, இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. அதுதான் சிறப்பு.

சென்னை ராயபுரத்தில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் பலர் மீன்பிடித் துறைமுகம் உள்ள காசிமேட்டுக்காரர்கள். அவர்களுக்கு மீன் கூறு வைத்தே சொல்வேன். 12 மீனை 2, 3, 4, 6 என்று எந்தக் கூறாகவும் மிச்சமில்லாமல் பிரிக்கலாம். 13 மீன் இருந்தால் மொத்தமாக விற்கணும், இல்லையா, ஒவ்வொன்றாக விற்கணும். 1, 12 இரண்டையும் சேர்த்தால் 12க்குக் காரணிகள் 6. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் 6 இல்லை. இப்படிப்பட்டவை மிகு பகு எண்கள்.

சரி, உங்கள் எண்ணை உடைத்துப் பாருங்கள்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2×2 = 10,080. பகா எண்கள் 2இலிருந்து ஒன்றுகூட விடாமல் வருகின்றன, அடுக்குகள் ஏறாமல் இறங்கியே போகின்றன. வேறு மாதிரி இருக்கவே முடியாது. 23க்குப் பதில் 29 போட்டாலும், 2க்கும் 3க்கும் அடுக்கை இடம் மாற்றினாலும், காரணிகள் அதே 10,080தான், ஆனால் எண் பெரிதாகிவிடும். எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 1 முதல் 28 வரை எல்லா எண்ணாலும் இது மீதியின்றி வகுபடும் என்பதையும் இந்த வரியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இப்படிப்பட்ட எண்களை ஆராய்ந்தவர் கணித மேதை ராமானுஜன். 1912 மார்ச் 1 அன்று, எங்கள் ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மறு வருடமே மிகு பகு எண்கள் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. அதிலுள்ள பட்டியலின் கடைசி எண்தான் நீங்கள் கேட்டது. கால்குலேட்டர் இல்லாத காலம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் விடுபட்டிருக்கிறது: 293318625600, காரணிகள் 5,040. மேலே உள்ள வரியில் கடைசி 23ஐ மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் பெருக்கிப் பாருங்கள், அதுவே வரும்.