மருந்து எழுதுபவரும் மருந்தை அறிபவரும்: சீன மருத்துவப் படிப்பு பற்றிச் சில கேள்விகள்

நான் ஹாங்காங்கில் சீன மூலிகைகளின் தரத்தைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் தமிழ் நண்பர்களின் வீட்டில் யாராவது பள்ளி இறுதி வகுப்புக்கு வந்துவிட்டால் என் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். அப்படி வந்த கேள்விகளில் சில இங்கே.

மகள் ஹாங்காங்கில் பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். சீன மருத்துவம் என்று ஒரு பட்டம், சீன மருந்தியல் என்று இன்னொரு பட்டம் இருக்கிறதே. இரண்டாவதைப் படித்தால் பார்மசிஸ்ட் ஆகலாம்தானே?

ஆக முடியாது. சேர்ந்து இரண்டு ஆண்டு கழித்து இதைத் தெரிந்துகொண்டு மனமுடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீன மருத்துவம் ஆறு ஆண்டுப் படிப்பு. ஹாங்காங் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகம், ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம், ஹாங்காங் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் உண்டு. பட்டம் வாங்கியதும் பெயர்ப்பலகை மாட்டிவிட முடியாது. 1999இல் வந்த சீன மருத்துவச் சட்டத்தின்படி உரிமத் தேர்வு எழுத வேண்டும். முதலில் எழுத்துத் தேர்வு, அதில் தேறினால் மருத்துவம் பார்க்கும் திறனைச் சோதிக்கும் நேர்முகத் தேர்வு. இரண்டையும் கடந்தவரே பதிவு பெற்ற சீன மருத்துவர். அவர் தரும் நோய் விடுப்புச் சான்றிதழ் 2006 டிசம்பரிலிருந்து சட்டப்படி செல்லும். ஆனால் மேற்கத்திய மருந்து எதையும் எழுதித் தர அவருக்கு உரிமை இல்லை.

சீன மருந்தியல் நான்கு ஆண்டு. இதைப் படித்தவர் மருந்துக் கடையில் நீங்கள் பார்க்கும் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் அல்லர். அந்தப் பதிவுக்கு வேறு பட்டம், வேறு வாரியம். மகளுக்கு ஆன்டிபயாடிக்கும் இன்சுலினும் கையாளும் வேலைதான் வேண்டுமென்றால், பெயரில் ‘மருந்தியல்’ இருக்கிறது என்று இதில் சேர்க்காதீர்கள்.

அப்படியானால் சீன மருந்தியல் படித்தவர் என்னதான் செய்வார்? கடையில் மூலிகை நிறுத்துக் கொடுப்பாரா?

அதுவும் ஒரு வேலைதான், இளக்காரமாக நினைக்க வேண்டாம். நூற்றுக்கணக்கான இழுப்பறைகள் கொண்ட பெட்டகத்தின் முன் நின்று, காய்ந்து சுருண்டு கிடக்கும் இரண்டு வேர்த்துண்டுகளில் எது எது என்று சொல்வது லேசான காரியமல்ல.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. காரணம் ஒரு பெயர்க் குழப்பம். ‘ஃபாங் ஜி’ என்ற பெயரில் சீனாவில் ஒன்றுக்கு மேற்பட்ட வேர்கள் விற்கப்பட்டன. சேர்க்க வேண்டியது ஸ்டெஃபானியா இனத்து வேர். சேர்ந்தது அரிஸ்டோலோக்கியா இனத்து வேர். பின்னதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் இந்த இனம்தான் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். அரிஸ்டோலோக்கியா மூலிகைகளை ஹாங்காங் 2004இல் தடை செய்தது. இன்று ஐயத்துக்குரிய சரக்கு வந்தால் நுண்ணோக்கியில் வைத்து செல் அமைப்பைப் பார்க்கிறோம், வேதிப்பொருள்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபியில் ஓட்டுகிறோம், தேவைப்பட்டால் டி.என்.ஏ.வையும் ஒப்பிடுகிறோம். இந்த மூன்றும் சீன மருந்தியல் பட்டதாரியின் கைத்தொழில்.

இன்னொன்று பதப்படுத்துதல். சீனர்கள் ‘பாவ் ஜி’ என்பார்கள். சித்த மருத்துவத்தில் நாபி என்ற நச்சு வேரைச் சுத்தி செய்யாமல் சேர்க்கக் கூடாது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நாபியின் உறவான ‘ஃபூ ஸி’க்கும் அதே விதி. ஊறவைத்து நெடுநேரம் கொதிக்க வைத்தால் அதிலுள்ள அகோனிட்டின் சிதைந்து நஞ்சு வெகுவாகக் குறையும். அவசரப்பட்டால் இதயம் தாளம் தப்பும். எவ்வளவு நேரம், எவ்வளவு வெப்பம், மிச்சம் எவ்வளவு என்பதை அளந்து சொல்ல ஆள் வேண்டும். ஹாங்காங் சட்டமே 31 மூலிகைகளை நச்சுப் பட்டியலில் தனியே வைத்திருக்கிறது. பதிவு பெற்ற சீன மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றைக் கொடுக்க முடியாது.

ஆகவே மாத்திரை, சூரணம் தயாரிக்கும் ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, சோதனைக் கூடங்கள், மருந்துப் பதிவுக்கான ஆவணம் தயாரிக்கும் பணி, மருத்துவ நிலையங்களின் மருந்தகம் ஆகியவை வாசல்கள். சியுங் குவான் ஓ பகுதியில் ஹாங்காங்கின் முதல் சீன மருத்துவமனையும் வந்துவிட்டது. மருத்துவருக்கும் மருந்தாளருக்கும் அங்கே இடமுண்டு.

ஹாங்காங்கில் பேசும் சீனமான கான்டனீஸ் பேச வரும். எழுத்து அவ்வளவாக வராது. சமாளிக்கலாமா?

நோயாளியிடம் பேசுவதற்கு உங்கள் கான்டனீஸ் போதும். படிப்பதற்குப் போதாது. உயிர்வேதியியல் போன்ற பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால் அடிப்படை நூல்கள் பழஞ்சீனத்தில் எழுதப்பட்டவை. தமிழ் பேசத் தெரிந்தவரிடம் உரையில்லாத சித்தர் பாடலை நீட்டினால் எப்படி விழிப்பாரோ அப்படித்தான். ஓராண்டு எழுத்தோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சென்னையில் ஒரு முகவர், சீனாவில் ஐந்தாண்டு சீன மருத்துவம் படித்துவிட்டு வந்தால் இங்கே டாக்டராகத் தொழில் செய்யலாம் என்கிறார்.

பணம் கட்டிவிட்டீர்களா? இல்லையென்றால் நல்லது. பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நகரங்களில் 1956இல் தொடங்கிய சீன மருத்துவக் கல்லூரிகள் இன்று பெரிய பல்கலைக்கழகங்கள். படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பட்டம் எம்.பி.பி.எஸ். ஆகாது. ஆயுஷ் முறைகளிலும் சீன மூலிகை மருத்துவம் இல்லை. அக்குபங்சரை மட்டும் மத்திய அரசு 2019இல் தனி முறையாக அங்கீகரித்தது. அதற்குரிய விதிகளும் தனி. முகவர் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு அழைப்பு நின்றுவிடும்.

நாங்கள் ஜோகூரில் இருக்கிறோம். மலேசியாவில் வழி உண்டா?

உண்டு. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் சீன மருத்துவமும் பாரம்பரிய இந்திய மருத்துவமும் அங்கீகாரம் பெற்ற துறைகள். துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தில் சீன மருத்துவப் பட்டம் இருக்கிறது. பாலத்தின் மறுபக்கம் சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024இல் புதிய பட்டம் தொடங்கியது. ஆனால் ஒரு நாட்டுப் பதிவு இன்னொரு நாட்டில் தானாகச் செல்லாது. எங்கே தொழில் செய்யப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டுக் கல்லூரியைத் தேடுங்கள்.

ஆராய்ச்சிக்குப் போகலாமா?

சீன விஞ்ஞானி தூ யோயோவின் பெயரைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவர் பெய்ஜிங்கில் நவீன மருந்தியல் படித்தவர். பிறகுதான் சீன மருத்துவம் கற்றார். ஏறத்தாழ 1,600 ஆண்டுக்கு முந்தைய ஒரு குறிப்பில் ‘சிங் ஹாவ்’ என்ற மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. வெப்பம்தான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு பிரித்தார். மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசும் வந்தது. பழைய ஏட்டை அவர் நம்பினார், எலியிலும் குரங்கிலும் சோதித்தும் பார்த்தார். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யும் மனம் உள்ளவருக்கு ஆராய்ச்சி சரிப்படாது.

நான் சைவம். இந்தப் படிப்பில் சிக்கல் வருமா?

சாப்பிடச் சொல்ல மாட்டார்கள். தொடச் சொல்வார்கள். தேள், கடல்குதிரை, சிள்வண்டு உரித்த சட்டை, கழுதைத் தோலில் காய்ச்சிய பசை எல்லாம் அடையாளம் காணும் தேர்வில் தட்டில் வரிசையாக இருக்கும். பட்டுப்புழுவின் எச்சத்தையும் முகர்ந்து பார்க்க வேண்டும். என்னோடு படித்த சைவத் தோழி ஒருத்தி முதல் வாரம் கையுறையை இரட்டையாகப் போட்டுக்கொண்டு வந்தாள். இறுதித் தேர்வில் அந்தத் தாளில் முதலிடம் அவளுக்குத்தான்.