பெட்ரோல் மிச்சத்தை மட்டும் பார்க்காதீர்கள்

ஆறு வருடப் பெட்ரோல் கார் நன்றாக ஓடுகிறது, தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டம், அடுக்ககத்தில் சார்ஜர் இல்லை, இருந்தாலும் மின்சாரக் காருக்கு மாறினால் லாபமா என்று கேட்டிருக்கிறீர்கள். விஷயமே அந்தச் சார்ஜரில்தான் இருக்கிறது.

நடுத்தர மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 17 என்று வையுங்கள். அதே அளவு பெட்ரோல் கார் 6, 7 லிட்டர் குடிக்கும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். ஆனால் வீட்டு மின்கட்டணத்தைப் போடாதீர்கள். நீங்கள் கட்டப்போவது பொது வேகச் சார்ஜர் கட்டணம். பல இடங்களில் அது வீட்டுக் கட்டணத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. மிச்சத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

அப்புறம் தேய்மானம். புதுக் கார் எதுவானாலும் முதல் மூன்று வருடத்தில்தான் மதிப்பு வேகமாக இறங்கும். உங்கள் கார் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இதை விற்றுப் புதிது வாங்கினால் அந்த நஷ்டத்தை மறுபடி முதலிலிருந்து சுமக்க வேண்டும்.

ஆயில் மாற்றும் செலவு இல்லை, பிரேக் பேட் நீடிக்கும், சரி. டயர் சீக்கிரம் தேயும். காப்பீடும் கூடலாம், முன்பே விசாரியுங்கள். பேட்டரியை நினைத்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு.

நானாக இருந்தால் முதலில் குடியிருப்போர் சங்கத்திடம் பார்க்கிங்கில் ஒரு சாதாரண பிளக் பாயின்ட் கேட்பேன். உங்கள் தினசரி ஓட்டத்துக்கு 7 யூனிட் போதும், தூங்கி எழுவதற்குள் ஏறிவிடும். அது கிடைக்காதவரை இருக்கிற காரையே ஓட்டுங்கள்.