பத்தாம் தேதியே சம்பளம் தீர்ந்துபோகிறவர் எப்படிச் சேமிப்பது?

கேட்டவருக்கு மாதம் 18,000 சம்பளம். பத்து தேதிக்குள் காலியாகிவிடுகிறதாம். 'முதலில் சேமி, மிச்சத்தைச் செலவழி' என்று எல்லோரும் சொல்கிறார்களே, எந்த மிச்சத்தை என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்த அறிவுரையைச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மளிகைக்கடை நோட்டில் பேர் எழுதிவிட்டு அரிசி வாங்கியவர்கள் இல்லை.

நான் சேலத்துக்காரன். ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். சம்பளம் 16,500. பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தது போக கைக்கு வருவது 14,500 சொச்சம். மனைவி கொலுசுப் பட்டறையில் இருந்து வேலை வாங்கிவந்து வீட்டிலேயே செய்கிறாள். அதற்கு எடைக் கணக்கில் கூலி. 2025-ல் வெள்ளி விலை ஏற ஏற கொலுசு வாங்குகிறவர்கள் குறைந்தார்கள், பட்டறைக்கு ஆர்டர் குறைந்தது, எங்கள் வீட்டுக்கு வரும் கூலியும் பாதியாகிவிட்டது. வெள்ளி ஏறினால் வெள்ளி ஊர்க்காரனுக்கு லாபம் என்று வெளியூரில் நினைத்துக்கொள்கிறார்கள்.

'டீயைக் குறை, சினிமாவைக் குறை' என்பதை விட்டுவிடுவோம். அதில் ஒன்றும் பெரிதாக மிஞ்சாது. என் அனுபவத்தில் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. சம்பளம் மாதாமாதம் ஒரே அளவில் வருகிறது, செலவு மொத்தமாக வந்து நிற்கிறது. ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், நோட்டு, சீருடை. ஆடியில் மாரியம்மன் பண்டிகை. சேலத்தில் தீபாவளியைக்கூடச் சுருக்கிக்கொள்ளலாம், ஆடியைச் சுருக்க முடியாது. குகைப் பகுதியில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் போகும் வண்டி வேடிக்கையைப் பார்க்க வெளியூர்ச் சொந்தமெல்லாம் வந்து இறங்கும், கறிச்சோறு போடாமல் எப்படி அனுப்புவது? அப்புறம் ஐப்பசியில் தீபாவளி. நடுநடுவே காதுகுத்து, மொய்.

இந்த மாதங்களில் கடன் வாங்குகிறோம், மற்ற மாதங்களில் அந்தக் கடனுக்குத் தவணை கட்டுகிறோம். யோசித்துப் பாருங்கள், குழு லோனுக்கும் தண்டலுக்கும் பட்டினி கிடந்தாவது வாரம் தவறாமல் கட்டுகிற ஆளுக்குச் சேமிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? செலவை முதலில் செய்துவிட்டு அதற்கான பணத்தைப் பிறகு சேர்க்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் வட்டி.

அது எவ்வளவு என்று ஒரு முறையாவது கணக்குப் போட்டுப் பார்க்கணும். எங்கள் பக்கம் சாதாரணமாக நடக்கிற வாரத் தண்டல் இது: 10,000 கடன் என்று பேர், 1,500 முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். வாரம் ஆயிரம் வீதம் பத்து வாரம் கட்டணும். 'வெறும் 1,500 தானே' என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 முழுசாக உங்களிடம் இருப்பது முதல் வாரம் மட்டும்தான். வாரா வாரம் அசல் குறைந்துகொண்டே போகிறதே, அதையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் நூற்றுக்குப் பதிமூன்று ரூபாய் வட்டி விழுகிறது. வருஷத்துக்கு 160 சதவீதம். அதே பணத்துக்கு ஒரு மோதிரத்தையோ கம்மலையோ பேங்கில் வைத்தால் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டித்தான் வரும். கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது. நோட்டும் பேனாவுமாகத் தெருவில் வருகிறவர் அதைப் படித்தமாதிரி தெரியவில்லை.

ஆகவே என் பதில்: தண்டல் ஓடிக்கொண்டிருக்கும்போது தனியாகச் சேமிக்க முயலாதீர்கள். பதிமூன்று வட்டிக்கு வாங்கிக்கொண்டு அரை வட்டிக்குப் போட்டு வைப்பதில் என்ன இருக்கிறது? வீட்டில் குண்டுமணித் தங்கம் இருந்தால்கூட பேங்கில் வைத்து முதலில் தண்டலை அடைத்துவிடுங்கள். பிறகு, ஏதாவது ஒரு தவணை முடியும் மாதத்துக்காகக் காத்திருங்கள். டிவி தவணையோ குழு லோனோ, எதுவாக இருந்தாலும் சரி. அது முடிந்த அடுத்த மாதமே அதே தொகையை அதே தேதியில் உங்கள் பேருக்குக் கட்ட ஆரம்பியுங்கள். அந்தப் பணம் இல்லாமல் வீடு ஏற்கெனவே ஓடிப் பழகிவிட்டது. ஒரு மாதம் விட்டுவிட்டால் அரிசியும் பெட்ரோலும் அதைத் தின்றுவிடும்.

எங்கே கட்டுவது? வீட்டில் டப்பாவில் மட்டும் வேண்டாம். திருடனை நினைத்துச் சொல்லவில்லை, சொந்தத்தை நினைத்துச் சொல்கிறேன். என் மச்சினன் கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டுகிறான், நல்ல பையன். புதன்கிழமை வாக்கில் வந்து வாசலில் நின்று, "மாமா, ஒரு ரெண்டாயிரம் இருக்குங்களா? சனிக்கிழமை கூலி வந்ததும் குடுத்துடறேன்" என்பான். பீரோவில் இருக்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது, அவன் அக்காவுக்கு அதைவிட வராது. "இருந்ததைப் போஸ்ட் ஆபீஸ்ல கட்டிட்டேன் மாப்ள" என்றால் பொய்யும் இல்லை, மனஸ்தாபமும் இல்லை. அவனும் புரிந்துகொள்வான், அவனும் சீட்டுக் கட்டுகிறவன்தானே.

சீட்டைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நம் ஜனங்களுக்கு மொத்தப் பணம் பார்க்க அதுதான் வழியாக இருந்திருக்கிறது. ஆனால் 1982-ம் வருஷச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள். தெருவில் பிடிக்கிற ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு பெரும்பாலும் பதிவில்லாதவை. பிடிக்கிறவர் ஒரு நாள் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் கையில் சிட்டை மட்டும்தான் மிஞ்சும்.

இ.எஸ்.ஐ. பற்றியும் ஒரு வார்த்தை. என் சம்பளத்தில் மாதம் 124 ரூபாய் பிடிக்கிறார்கள். அதை மறந்துவிட்டுக் காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்கில் 600 கொடுத்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் கடையிலேயே இருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கூட்டம்தான், அரை நாள் போய்விடும். எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை அங்கேதான் வாங்குகிறோம். நம்மை நம்பி இருக்கிற பெற்றோருக்கும் அதில் வைத்தியம் உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

எனக்குச் சரிப்பட்டது போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்பு. மாதம் 100 ரூபாயில் இருந்து தொடங்கலாம், ஐந்து வருஷம். மாதம் 500 கட்டினால் 6.7 சதவீத வட்டியில் கட்டிய 30,000 முடிவில் 35,600 சொச்சமாக வரும். பெரிய பணம் இல்லைதான். ஆனால் 12 தவணை கட்டியபிறகு அவசரம் என்றால் கட்டியதில் பாதி வரை அங்கேயே கடன் கொடுப்பார்கள், ஆர்.டி. வட்டியைவிட இரண்டு சதவீதம் கூடுதலாக. தண்டல்காரரைத் தேடிப் போகவேண்டாம் என்பதற்காகவே அந்த வசதி எனக்குப் பிடித்திருக்கிறது. பத்தாம் தேதிக்குள் சம்பளம் தீர்ந்துவிடும் என்பதால் சம்பளம் வந்த வாரமே போய்த் தொடங்குங்கள். 15-ம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்டணும், அதுவே நல்லது. போய் வர நேரம் இல்லையென்றால் ஆர்.டி. ஏஜெண்ட் அக்காக்கள் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார்கள். அவர்களுக்குக் கமிஷன் அரசாங்கம் கொடுக்கிறது, நாம் தரவேண்டியதில்லை. பாஸ்புக்கில் பதிவாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'ஜூனில் ஃபீஸ் கட்டணுமே, ஆர்.டி. கட்ட முடியாதே' என்று பயந்து தொடங்காமல் இருக்காதீர்கள். ஜூனில் தாராளமாக விட்டுவிடுங்கள். ஒரு மாதம் தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், 500 ரூபாய்க்கு 5 ரூபாய். ஜூலையில் இரண்டு தவணையும் சேர்த்து 1,005 கட்டினால் போதும். தொடர்ந்து நான்கு மாதம் விட்டால்தான் கணக்கு நின்றுபோகும், அப்போதும் இரண்டு மாதத்துக்குள் உயிர் கொடுத்துக்கொள்ளலாம்.