ஏசி ரூமில் என்ன கஷ்டம்?

அன்புள்ள ஐயா,

சென்னை ஆபீசிலிருந்து கம்பெனி மாற்றலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உம்லாங்காவில் ஆபீஸ். மனைவியும் குழந்தையும் மதுரையில் இருக்கிறார்கள். காலை ஐந்தரைக்கு சென்னை டீமோடு கால், ராத்திரி பதினொன்றுக்கு நியூயார்க் கிளையன்ட் லைனை வைத்தால்தான் அன்றைய வேலை முடியும். நடுவில் ஆபீசும் உண்டு. கொஞ்ச நாளாக லிஃப்டில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிற்றைப் புரட்டுகிறது, தூக்கம் போய்விட்டது. சில நாள் தூங்கி, எழாமலே போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். மேனேஜரிடம் லேசாகச் சொன்னேன், தியானம் செய்கிற ஆப் ஒன்றுக்கு லிங்க் அனுப்பினார். கோவிலில் பழக்கமான பெரியவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், "எங்க தாத்தா கரும்புக் காட்டுல சவுக்கடி வாங்கி உழைச்சாரு, உனக்கு ஏசி ரூம்ல என்னப்பா கஷ்டம்" என்று சிரித்தார். அவர் சொன்னது சரிதானோ? நான்தான் பலவீனமானவனா? வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

நடுவில் ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டு மேனேஜர் கதைக்குத் தாவிவிட்டீர்கள், தூங்கி எழாமலே போனால் நன்றாக இருக்கும் என்று. மற்றதெல்லாம் அப்புறம். இந்த வரியை இந்த வாரமே ஒரு டாக்டரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், "கொஞ்சம் டயர்டு" என்று மாற்றிச் சொல்லாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு ராத்திரி அந்த எண்ணம் பெரிதானால் சாடாக் என்று இங்கே எல்லோரும் சொல்கிற மனச்சோர்வு அமைப்பின் நெருக்கடி எண் 0800 567 567, காசில்லாமல் கூப்பிடலாம். இந்த நாட்டில் பிறந்தவர்களே நிறையப் பேர் கூப்பிடுகிற எண்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி அந்தப் பெரியவர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, இந்த ஊரில் பாதிக் குடும்பங்களில் இந்த வசனம் உண்டு. ஆனால் தாத்தாக்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உழைத்தார்கள் என்று யார் சொன்னது? 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இங்கே வந்தது முதல் 1911ல் ஆள் கொண்டுவருவது நிற்கும் வரை, பெரும்பாலும் ஐந்து வருஷ ஒப்பந்தம், மாதம் பத்து ஷில்லிங்கில் தொடங்கும் சம்பளம், சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் கிரிமினல் குற்றம், ஜெயில். அப்படியும் ஓடினார்கள். பிடிபட்டார்கள், திரும்ப ஓடினார்கள். தற்கொலையும் அவர்களிடம் மிக அதிகமாக இருந்தது, இதெல்லாம் ஆவணங்களில் இருக்கிற விஷயம், குடும்பக் கதையில்தான் காணாமல் போய்விட்டது. பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே கதை சொல்ல மிச்சம்.

1894ல் இதே டர்பனில் பாலசுந்தரம் என்று ஒரு தமிழர், முதலாளி அடித்து முன்பற்கள் இரண்டு உடைந்து, கிழிந்த துணியும் ரத்தம் வழிகிற வாயுமாக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். காந்தி அப்போது இங்கே வக்கீல் தொழிலைத் தொடங்கி நாலு மாசம்கூட ஆகியிருக்காது. அவர் முதலில் என்ன செய்தார் என்று பாருங்கள். டாக்டரிடம் அனுப்பி, காயம் எப்படிப்பட்டது என்று சர்டிபிகேட் வாங்கினார். அதோடுதான் மாஜிஸ்ட்ரேட்டிடம் போனார். காந்திக்கு அந்த முதலாளியைத் தண்டிக்க ஆசையில்லை, அந்த ஆளிடமிருந்து பாலசுந்தரம் விலகினால் போதும் என்று நினைத்தார். கடைசியில் ஒப்பந்தம் வேறொரு முதலாளிக்கு மாற்றப்பட்டது. பெரியவர் அடுத்த தடவை தாத்தா கதையை எடுத்தால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடைந்த பல்லுக்குச் சர்டிபிகேட் வாங்கியவரும் நம் முன்னோர்தான்.

உங்கள் காயம் வெளியே தெரியாது, அது ஒன்றுதான் வித்தியாசம். தெரியாததனால்தான் நீங்களே நம்ப மாட்டேன் என்கிறீர்கள்.

ஒன்று கவனித்தீர்களா, கடிதம் முழுக்க "நான்" என்ன ஆனேன் என்று எழுதிவிட்டு, நோயின் காரணத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போய்விட்டீர்கள்: காலை ஐந்தரை, ராத்திரி பதினொன்று. டர்பன் சென்னைக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், நியூயார்க்குக்கு ஆறு மணி நேரம் முன்னால், அங்கே குளிர்காலம் வந்தால் ஏழு. ஆக இரண்டு ஊரின் ஆபீஸ் நேரத்தையும் ஒரே உடம்பில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நவம்பர் வந்தால் பதினொன்று பன்னிரண்டாகிவிடும், அதற்கு எந்த ஆப்பும் ஒன்றும் செய்ய முடியாது. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35-40 மணி நேரம் செய்கிறவர்களைவிட பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். உங்கள் மணிக்கணக்கை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தாள் பின்னால் வேண்டியிருக்கும்.

வேலை அதிகம் என்பது மட்டுமே ஆளை அடிப்பதில்லை. ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979லேயே எழுதினார், சுமை கூடுதலாகவும் அதை எப்படி எப்போது செய்வது என்று தீர்மானிக்கிற உரிமை குறைவாகவும் இருக்கிற வேலையில்தான் மனசு அதிகம் நோகிறது என்று. மீட்டிங் நேரத்தை வைக்கிறவன் சென்னையில், கெடு வைக்கிறவன் நியூயார்க்கில், நடுவில் நீங்கள் "ஓகே" போடுகிற ஆள். தியானம் கெட்டதென்று சொல்லவில்லை, நானும் காலையில் கொஞ்சம் கண்ணை மூடி உட்காருகிற ஆள்தான். ஆனால் ஓட்டைப் பானையைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் மொள்ளக் கற்றுக்கொள் என்று பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள்.

சரி, செய்ய வேண்டியது. உடம்பையும் மனசையும் டாக்டர் பார்க்கட்டும், வேலையை நீங்கள் எழுத்தில் பாருங்கள். இரண்டையும் ஒரே பேச்சில் குழப்பாதீர்கள்.

டாக்டர் விஷயத்தில் உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடியது சில. வாரம் ஐந்து நாள் வேலை செய்கிறவருக்கு இங்கே 36 மாதத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு சிக் லீவ், சட்டம் தருவது, மேனேஜர் தருவதல்ல. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போனால் சர்டிபிகேட் கேட்கலாம், பதிவு பெற்ற சைக்காலஜிஸ்ட் கொடுத்தாலும் செல்லும். அதில் என்ன நோய் என்று உங்கள் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது, வேலை செய்யும் நிலையில் இல்லை என்று மட்டும் எழுதச் சொல்லலாம். நீங்கள் பயப்படுவது இதற்குத்தானே. "பர்ன் அவுட்" என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டு போகாதீர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அது வேலையிடத்து நிலைமைதான், நோய் இல்லை. டாக்டர் பார்த்து டிப்ரஷனா, ஆங்சைட்டியா, தைராய்டா என்று சொல்லட்டும். டிப்ரஷன் கடுமையானதாக இருந்தால், இந்த நாட்டு மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், இருக்கிறவர்களுக்கு வருஷத்தில் 15 அமர்வு வரை கவுன்சலிங், அல்லது மூன்று வாரம் வரை ஆஸ்பத்திரி, குறைந்தபட்சப் பலனிலேயே அடக்கம். கையில் இருப்பது இங்கத்திய மெடிக்கல் எய்டா, இந்தியாவிலிருந்து போட்ட டிராவல் இன்சூரன்சா என்று முதலில் பாருங்கள், கம்பெனி மாற்றலில் வந்தவர்கள் பலருக்கு இது தெரிவதே ஆஸ்பத்திரி கவுன்டரில்தான்.

வேலை விஷயத்தில் ஏமாற்றமான செய்தி: வாரம் 45 மணி நேரம் என்ற சட்ட வரம்பு, ஒரு அளவுக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பொருந்தாது, நீங்கள் அதைத் தாண்டியிருப்பீர்கள். ஆனால் ஊழியரின் ஆரோக்கியத்துக்கு ஆபத்தில்லாத வேலையிடம் தர வேண்டும் என்ற 1993ம் வருஷச் சட்டம் சம்பளம் பார்ப்பதில்லை. அதனால் மேனேஜரிடம் வாய்வார்த்தையாக "கஷ்டமா இருக்கு சார்" என்று சொல்வதை நிறுத்திவிட்டு மெயில் போடுங்கள். அந்த மணிக்கணக்குத் தாளை இணைத்து, சென்னை கால், நியூயார்க் கால் இரண்டில் ஒன்றை வேறொருவர் எடுக்க வேண்டும், எதை என்று நீங்கள் சொல்லுங்கள் என்று கேளுங்கள். எச்ஆருக்கு நகல். புலம்பல் வேண்டாம், நன்றி வணக்கமும் ரொம்ப வேண்டாம். வீசா கம்பெனியோடு கட்டியது என்பதால் வாயைத் திறந்தால் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் புரிகிறது. காரணமில்லாமல் நீக்கினால் 30 நாளுக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏவில் புகார் கொடுக்கலாம், கட்டணமில்லை. முறையான வேலை அனுமதி இல்லாதவர்கூட சட்டத்தின் கண்ணில் ஊழியர்தான் என்று இங்கத்திய லேபர் கோர்ட் 2008லேயே சொல்லியிருக்கிறது, உங்களிடம் அனுமதி இருக்கவே இருக்கிறது.

ராஜினாமா? இப்போது வேண்டாம். விடவே கூடாது என்றில்லை, இந்த வேலை உங்களுக்கு ஆகாது என்றுதான் எனக்கும் படுகிறது, கம்பெனி மாற்றல் வீசாவே நாலு வருஷத்துக்கு மேல் கிடையாது, எப்படியும் ஒருநாள் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் தூக்கமில்லாதவன் எடுக்கிற முடிவு அது. முதலில் லீவ் போட்டுத் தூங்குங்கள், மருந்து கொடுத்தால் சாப்பிடுங்கள், அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். மெயிலுக்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். அதற்கப்புறமும் போகத்தான் தோன்றினால் போங்கள், மதுரையில் யாரும் கேள்வி கேட்டால் மாற்றல் முடிந்தது என்று சொன்னால் போதும். மனைவியிடம் மட்டும் இதை மறைக்காதீர்கள். பேச வரவில்லையென்றால் எனக்கு எழுதிய கடிதத்தையே அப்படியே அனுப்பிவிடுங்கள், நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள், அதைப் பிரசுரிக்க மாட்டேன்.