மாரி மழையில் முன்கண்ணாடி: கேட்டவர்களுக்குப் பதில்

திருகோணமலையில் வாடைக்காற்று தொடங்கினால் என் கராஜுக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஒரே முறைப்பாடுதான்: "முன்னால ஒண்டும் தெரியுதில்லை." இந்தமுறை கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, மழை தொடங்கினதும் கண்ணாடி புகை பிடிச்ச மாதிரி மூடுது. ஏசி போட்டால் தெளியுது. குளிருது எண்டு நிப்பாட்டினால் ஒரு நிமிசத்தில முன்னையிலும் மோசமா மூடுது. ஏன்?

தங்கச்சி, முதலில் மூடியிருப்பது எந்தப் பக்கம் என்று பாருங்கள். விரலால் உள்ளே ஒரு கோடு இழுங்கள். கோடு தெளிவாக விழுந்தால் ஈரம் உள்ளே. விழாவிட்டால் வைப்பரை ஒருதரம் போடுங்கள். போய்விட்டால் ஈரம் வெளியே. இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. அதைப் பார்க்காமல் ஏசியைக் கூட்டிக் குறைத்துத்தான் எல்லோரும் அவதிப்படுகிறார்கள்.

உங்களுடையது உள்ளே. மழை கண்ணாடியைக் குளிரவைக்கிறது. உங்கள் மூச்சிலும் நனைந்த குடையிலும் உள்ள ஈரம் அதில் போய்ப் படிகிறது. ஏசி காற்றைக் குளிர்த்துவது மட்டுமல்ல, உலர்த்தவும் செய்கிறது. காருக்குக் கீழே சொட்டுகிறதே தண்ணீர், அது காற்றிலிருந்து பிழிந்த ஈரம்தான். நீங்கள் ஏசியை நிப்பாட்டி ஃபேனை மட்டும் ஓடவிட்டால், உள்ளே குளிர்ந்த குழாய்களில் ஒட்டியிருக்கும் தண்ணீர் திரும்ப ஆவியாகிக் கண்ணாடிக்கே வருகிறது. குளிர்ந்தால் ஏசியை நிப்பாட்டாமல் சூட்டைக் கூட்டுங்கள். காற்று முன்கண்ணாடிக்குப் போகட்டும். கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பட்டன் எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அது உள்ளே இருக்கிற ஈரக்காற்றையே சுற்றிச் சுற்றி விடுவது.

இரவில் மழை விட்டபின் கடற்கரை ரோட்டில் வரும்போது வெளிப்பக்கம் மூடினால், ஏசி கண்ணாடியை அளவுக்கு மீறிக் குளிரவைத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது காற்றைக் காலுக்குத் திருப்பி, சூட்டைக் கூட்டி, வைப்பரைப் போடுங்கள்.

வான் ஓட்டுகிற தம்பி, சாம்பல்தீவு: நிலாவெளியில குளிச்சிட்டு, கன்னியா வெந்நீர் ஊற்றிலயும் தலையில ஊத்திக்கொண்டு பத்துப் பேர் ஈர உடுப்போட ஏறினால் ஏசியும் தாங்குதில்லை அண்ணை.

தாங்காதுதான். புறப்பட்டு முதல் ஐந்து நிமிடம் இரண்டு பக்கத்து யன்னல் ஷட்டரையும் நாலு விரல் இறக்கிவிட்டு ஓட்டுங்கள், ஏசியும் ஓடட்டும். ஈரத் துவாய்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் மூடி வையுங்கள். ஆட்கள் இல்லாத நாளிலும் மூடுகிறதென்றால் கால்மிதியைத் தூக்கிக் கீழே கையை வைத்துப் பாருங்கள். போன மாரியில் ஒரு வானில் கார்ப்பெட்டை அழுத்தினேன், விரலுக்கிடையால் தண்ணீர் பொங்கி வந்தது. ஏசித் தண்ணீர் வெளியே போகிற குழாயின் வாயைச் சேறு அடைத்திருந்தது. மெல்லிய வயரால் குத்திவிட்டதும் அரைப் போத்தல் தண்ணீர் நிலத்தில் கொட்டியது. அந்த மனிசன் அதற்கு முன் மூன்று விதமான ஸ்பிரே வாங்கி அடித்துப் பார்த்திருந்தார்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு ஆசிரியர்: வைப்பர் புதிது. பகலில் பிரச்சினை இல்லை. இரவு மழையில் எதிரே வரும் வெளிச்சம் கண்ணாடி முழுவதும் பரந்து கண்ணைக் கூசுகிறது.

சேர், அது எண்ணெய்ப் படலம். முன்னால் போகும் பஸ்ஸின் டீசல் புகை, ரோட்டுத் தார், சேர்விஸ் ஸ்டேஷனில் பூசும் மெழுகு எல்லாம் மெல்ல மெல்லப் படிகிறது. உள்ளே டேஷ்போர்டுக்குப் பூசும் பொலிஷ் வெயிலில் ஆவியாகிக் கண்ணாடியில் ஒட்டுகிறது. ஒரு கோப்பைத் தண்ணீரை வெளியே ஊற்றிப் பாருங்கள். பாய் விரித்த மாதிரி ஒரே தாளாக இறங்கினால் சுத்தம். தீவு தீவாக உடைந்தால் எண்ணெய்.

நிழலில் நிறுத்தி, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு வாளித் தண்ணீரில் விட்டுக் கழுவி, நிறையத் தண்ணீரால் அலசுங்கள். பிறகு பார்மசியில் வாங்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். அது பெயின்ற்றில் படவேண்டாம். ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று, இரண்டையும் கலக்கக்கூடாது. வெளியே இடம்வலமாகவும் உள்ளே மேல்கீழாகவும் துடையுங்கள். கோடு மிஞ்சினால் எந்தப் பக்கத்தது என்று உடனே தெரியும். அதற்கும் போகாத பிடிவாதமான படலத்துக்கு சீரியம் ஒக்சைட் கலந்த கண்ணாடி பொலிஷ் இருக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் இரவில் மான்கள் ரோட்டிலேயே நிற்கும். கண்ணாடி கூசினால் மானின் கால் தெரியாது, முட்டப்போகும்போதுதான் கண் தெரியும்.

கிண்ணியா: வைப்பர் கிரீச் எண்டு கத்துது அண்ணன், நடுவில ஒரு பட்டை துடைக்காமலே விடுது.

றப்பர் இறுகிவிட்டது. ஆனி, ஆடிக் கச்சான் காற்றிலும் வெயிலிலும் காய்ந்து கிடந்த றப்பரை முதல் மழையில் இழுத்தால் அப்படித்தான். நம்மூரில் வருசத்துக்கு ஒருதரம், ஐப்பசி மழைக்கு முன் மாற்றுவது நல்லது. மாற்றுமுன் ஈரத்துணியால் றப்பரின் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். கறுப்பு அழுக்கு வரும், சிலநேரம் அதோடு சத்தம் நின்றுவிடும். மாற்றும்போது கண்ணாடியின்மேல் தடித்த துணி ஒன்றை விரியுங்கள். வெறும் இரும்புக்கை ஸ்பிரிங் வேகத்தில் வந்து அடித்தால் கண்ணாடி வெடிக்கும்.

மூதூர்: உருளைக்கிழங்கு, புகையிலை தேய்ச்சால் நல்லம் எண்டு பழைய லொறிக்காரர் சொல்லுறாங்க. மண்ணெண்ணெயும் போடலாமா?

கிழங்கு தேய்த்தால் தண்ணீர் முத்தாக நிற்காமல் விரிந்து ஓடும். உண்மைதான், ஆனால் மழையோடு மழையாகக் கழுவிப் போய்விடும். வைப்பர் பழுதான அவசரத்துக்கு உதவும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். றப்பரைக் கெடுத்து, எண்ணெய்ப் படலத்தையும் நீங்களே பூசிவிடுவீர்கள்.

ஓர்ஸ் ஹில்: தண்ணீர் ஒட்டாத கோட்டிங் பூசலாமா?

ஹபரணை ரோட்டில் அடிக்கடி நீண்டதூரம் ஓடுகிறவருக்கு நல்லது. வேகக் காற்றில் துளிகள் மேலே பறந்துவிடும். நகருக்குள் 30, 40 இல் ஓடுகிறவருக்குத் துளிகள் அப்படியே நிற்கும், இரவில் ஒவ்வொரு துளியும் ஒரு விளக்காக மின்னும். நான் பூசுவதில்லை. பூசுவதானாலும் எண்ணெய் போகக் கழுவிய பிறகு.

ஓட்டோ ஓட்டும் தம்பி, பாலையூற்று: கடற்கரையில நிப்பாட்டினால் காலையில கண்ணாடி வெள்ளையாப் பூத்திருக்கு.

உப்பு. அதோடு மணலும் இருக்கும். உலர்ந்த துணியால் ஒருபோதும் தொடாதீர்கள், கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, பிறகு துடையுங்கள். கிணற்றுத் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் புள்ளிகளுக்கு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி. பக்கத்துப் பிளாஸ்டிக் திரைக்கு ஸ்பிரிட், தின்னர் எதுவும் ஆகாது, மங்கிவிடும். சவர்க்காரத் தண்ணீர் போதும். ஹெல்மெட் கண்ணாடிக்கும் இதேதான்.

ஒரு அக்கா, அன்புவழிபுரம்: பின்கண்ணாடியில இருக்கிற கம்பிக்கோடுகளை எப்படித் துடைக்கிறது?

கோடு போகும் திசையிலேயே, மெதுவாக. கண்ணாடியைச் சூடாக்கி ஈரத்தைப் போக்குகிற கோடுகள் அவை, குறுக்கே சுரண்டினால் அறுந்து சூடாகாது. கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அமோனியா கலந்த கிளீனர் அடிக்காதீர்கள் அக்கா, உரிந்துவிடும்.

கந்தளாய்: கொட்டும் மழையில நடுரோட்டில வைப்பர் நிண்டுபோச்சு. அந்த இடத்தில என்ன செய்யலாம்?

ஹெட்லைட்டை அணைக்காமல் வேகத்தைக் குறைத்து, ரோட்டை விட்டு நன்றாக உள்ளே ஒதுங்குங்கள். உங்கள் பக்கத்துக் காட்டோரத்தில் யானை நிற்கும், வெளிச்சமுள்ள கடைவாசலாகப் பாருங்கள். பிறகு சுவிட்சைப் போட்டுக் காது கொடுங்கள். மோட்டார் சத்தம் கேட்டும் வைப்பரின் இரும்புக்கை அசையாவிட்டால், அந்தக் கை பொருந்தும் அடியில் சின்ன மூடியைக் கிளப்புங்கள். உள்ளே நட்டு தளர்ந்திருக்கும். பெரும்பாலும் 12 அல்லது 14 ஸ்பனர். சுவிட்சை நிப்பாட்டிவிட்டு இறுக்கினால் வீடு போய்ச் சேரலாம். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். அதே அளவு ஃபியூஸ்தான் போடவேண்டும், வயரைச் சுற்றிவிடக்கூடாது. புதிதும் உடனே எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கக்கூடும். அன்று மழை விடும்வரை கடைவாசலில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு இருங்கள், வாகனத்தை எடுக்க வேண்டாம்.