இன்றிரவு அழிந்தால் நாளை என்ன ஆகும்? லினக்ஸ் செயலியின் கோப்புகளுக்கு இடம் பிரிப்பது எப்படி

கடலூர் முதுநகரில் மொத்த மளிகைக் கடை ஒன்றுக்குப் பைத்தானில் பில் போடும் செயலி எழுதிக் கொடுத்த வாசகர் கேட்கிறார்: “கடைக் கணினியில் உபுண்டு ஓடுகிறது. சரக்குகளின் சிறுபடங்கள், இணையம் இல்லாதபோது சர்வருக்குப் போகாமல் நிற்கும் பில்கள், கடைசியாகத் திறந்திருந்த திரை, லாக் (செயலி எழுதிவைக்கும் நடப்புக் குறிப்பு) எல்லாவற்றையும் ஹோம் ஃபோல்டரில் ஒரே மறைவு ஃபோல்டருக்குள் போட்டுவிட்டேன். பேக்கப் எடுத்தால் பென் டிரைவ் நிறைந்துவிடுகிறது. எதை எங்கே வைப்பது முறை?”

ஒவ்வொரு கோப்பையும் பார்த்து, இன்றிரவு இதை யாராவது அழித்துவிட்டால் நாளைக் காலை கடை திறக்கும்போது என்ன ஆகும் என்று கேளுங்கள். செயலி தானாகவே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும் என்றால் அது கேச். உங்கள் சிறுபடங்கள் அந்த வகை. திரை பழைய நிலையில் திறக்காது, பழைய லாக் இருக்காது, ஆனால் வியாபாரம் நிற்காது என்றால் அது ஸ்டேட். பணமோ உழைப்போ போய்விடும் என்றால் அது டேட்டா.

லினக்ஸ் செயலிகளுக்கான எக்ஸ்டிஜி (XDG) அடிப்படை ஃபோல்டர் விதிமுறை இவற்றுக்குத் தனித்தனி இடம் வகுத்திருக்கிறது. கேச், ஹோமில் உள்ள ‘புள்ளி கேச்’ (.cache) ஃபோல்டருக்குள் போக வேண்டும். ‘புள்ளி லோக்கல்’ (.local) ஃபோல்டருக்குள் ஸ்டேட் என்ற கிளையில் ஸ்டேட்டும், ஷேர் என்ற கிளையில் டேட்டாவும் இருக்க வேண்டும். ஸ்டேட்டுக்கான இடம் 2021இல்தான் விதிமுறையில் சேர்ந்தது; பழைய செயலிகள் பல லாக்கை டேட்டாவோடு கலந்து வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தப் பாதைகளைச் செயலிக்குள் நேரடியாக எழுதிவிடாதீர்கள். அதற்கான சூழல் மாறிகளை (செயலிக்கு வெளியே கணினியில் குறித்து வைக்கும் மதிப்புகளை) முதலில் பார்த்து, அவை காலியாக இருந்தால் மட்டும் மேற்சொன்ன இடங்களுக்குச் செல்ல வேண்டும். பைத்தானில் பிளாட்ஃபார்ம்டிர்ஸ் நூலகம் இதைச் செய்து தரும்.

அனுப்பப்படாத பில்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் ஒரு கடைக்கு நான் எழுதிய செயலியில், ‘எப்படியும் சிறிது நேரத்தில் போய்விடும்’ என்று எண்ணி, அனுப்ப வேண்டிய பில்களின் வரிசையைக் கேச்சில் வைத்தேன். வட்டு நிறைந்த ஒரு நாள், கடைப் பையன் கேச் ஃபோல்டரை முழுவதுமாக அழித்தான். அவன் செய்ததில் தவறே இல்லை. அழிக்கலாம் என்பதுதான் அந்த ஃபோல்டரின் பொருள். அன்று காலை முதல் போட்ட பில்கள் போயின. கார்பன் நகல்களை வைத்துக்கொண்டு இரவு வரை கையால் ஏற்றினோம். எவ்வளவு குறுகிய நேரம் நின்றாலும் அனுப்பப்படாத பில் டேட்டாதான். அதை எஸ்க்யூலைட் (SQLite) தரவுத்தளக் கோப்பில், ஷேர் கிளையில் வையுங்கள். அடுத்த பில் எண்ணும் அதனுடனேயே இருக்கட்டும்.

ஸ்டேட் கோப்பைச் சேமிக்கும்போதும் ஒரு கவனம் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதி எழுதிய கோப்பு அடுத்த நாள் திறக்காது. ஆகவே அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் முழுவதும் எழுதி, எஃப்சிங்க் (எழுதியதை உண்மையாகவே வட்டில் பதியச் செய்யும் கட்டளை) செய்து, பிறகு உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். தற்காலிகக் கோப்பை, எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான டெம்ப் (/tmp) ஃபோல்டரில் எழுதிவிட்டு நகர்த்தக் கூடாது. அது வேறு கோப்பமைப்பாக (வேறு வட்டுப் பகுதியாகவோ நினைவகமாகவோ) இருந்தால் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்காது. டெம்ப்பில் எதையும் நம்பி வைக்கவும் வேண்டாம். டெபியன் லினக்ஸின் 13ஆம் பதிப்பு முதல் அது இயல்பாகவே நினைவகத்தில் இருக்கிறது, மறுதொடக்கத்தில் மறைந்துவிடும்.

செயலியைப் பின்னணியில், லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் (systemd) சேவையாக ஓட்டினால், ஹோமை விட்டுவிட்டு ‘வார்’ (/var) ஃபோல்டரின் கேச், லிப் ஆகிய கிளைகளுக்கு மாறுங்கள். சேவைக் கோப்பில் கேச் டைரக்டரி, ஸ்டேட் டைரக்டரி என்ற அமைப்புகளைக் கொடுத்தால், அவற்றைச் சிஸ்டம்டியே உரிய உரிமையுடன் உருவாக்கும். பெயரில் ஏமாந்துவிடாதீர்கள்: இங்கே ஸ்டேட் என்பது லிப் கிளையைக் குறிக்கும், பில்கள் உட்பட நிலைத்திருக்க வேண்டிய அனைத்தும் அதில்தான் சேரும்.

இப்படிப் பிரித்த பின் பென் டிரைவுக்கு ஷேர் கிளையில் உள்ள உங்கள் செயலியின் ஃபோல்டரும், ‘புள்ளி கான்ஃபிக்’ ஃபோல்டரில் உள்ள அதன் அமைப்புக் கோப்பும் போனால் போதும். பில் கோப்பை மட்டும், செயலி ஓடும்போது அப்படியே நகலெடுக்காமல், எஸ்க்யூலைட்டின் பேக்கப் கட்டளை வழியாக எடுங்கள்.