மளிகைச் சிட்டை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். மாமியாரும் இரண்டு பிள்ளைகளுமாக அம்பத்தூரில் ஐந்து பேர் கொண்ட குடும்பம். மூன்று ஆண்டுகளுக்கு முன் மாதம் 9,000 ரூபாயில் முடிந்த மளிகையும் காய்கறியும் இப்போது 14,000 ரூபாயைத் தொடுகின்றன. கூப்பன், செயலிப் புள்ளிகள் என்று சேர்த்து மிச்சம் பிடிப்பதாக அலுவலகத் தோழிகள் சொல்கிறார்கள். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. கூப்பன் இல்லாமல் செலவைக் குறைக்க வழி உண்டா? வாரந்தோறும் கோயம்பேட்டுக்குப் போய்வந்தால் கட்டுப்படியாகுமா? சென்ற மாதச் சிட்டையை இணைத்திருக்கிறேன்.

மீனா

அன்புள்ள மீனா,

கூப்பனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘குறைந்தது இவ்வளவு ரூபாய்க்கு வாங்கினால்’ என்ற நிபந்தனையை எட்டுவதற்காக நாம் கூடுதலாக வாங்கும் பிஸ்கட்டும் சோப்பும் அந்தத் தள்ளுபடியைத் தின்றுவிடும்.

உங்கள் சிட்டையை இரண்டு முறை படித்தேன். விலைகளைவிடத் தேதிகளே என்னை அதிகம் யோசிக்க வைத்தன. துவரம்பருப்பை அரைக் கிலோப் பாக்கெட்டாக ஐந்து முறையும், அரிசியை ஐந்து கிலோப் பையாக நான்கு முறையும் வாங்கியிருக்கிறீர்கள். கொத்தமல்லிக்காகப் பத்து நிமிடத்தில் வீடு தேடி வரும் செயலியைத் திறந்த போதெல்லாம் சிப்ஸோ ஐஸ்கிரீமோ கூடவே வந்து சேர்ந்திருக்கிறது. (அண்ணாச்சி கடையில் காய் வாங்கியிருந்தால் கறிவேப்பிலையாவது கொசுறாக வந்திருக்கும்.) ஆண்டுக்கு ஒரு முறை வாங்க வேண்டியதையும், மாதத்துக்கு ஒரு முறை வாங்க வேண்டியதையும், இரண்டு நாளைக்கு ஒரு முறை வாங்க வேண்டியதையும் ஒரே மாதிரி, நினைத்தபோது வாங்குவதே உங்கள் வீட்டுச் செலவின் பெரிய ஓட்டை என்று எனக்குப் படுகிறது.

அரிசியை எடுத்துக்கொள்வோம். 2022 ஜூலையில், பெயரச்சிட்டுப் பொட்டலம் கட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டபோது, அதற்குள் சிக்காமல் இருக்கவே ஆலைகள் 26 கிலோ சிப்பம் போடத் தொடங்கின. ஐந்து பேர் உண்ணும் வீட்டில் ஒரு சிப்பம் ஒன்றரை மாதத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதால், வண்டு விழுமோ என்று அஞ்சிச் சிறு பைகளாக வாங்கி, ஒவ்வொரு பையிலும் வரியும் பைக்கூலியும் கட்ட வேண்டியதில்லை. பருப்புக்கும் எண்ணெய்க்கும் பாக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது 2022இல் வந்த விதி. எண்ணெயில் இது மிகவும் முக்கியம். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை இருக்கும். அதே உயரத்தில், அதே நிறத்தில் 800 கிராமும் 850 கிராமும் நிரப்பிய பாக்கெட்டுகள் பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கும்போது, விலையை மட்டும் பார்த்து எடுக்கிறவர் ஏமாறத்தான் செய்வார். உங்கள் சிட்டையில் உள்ள நான்கு எண்ணெய்ப் பாக்கெட்டுகளில் மூன்று, ஒரு லிட்டருக்குக் குறைவானவை.

புளியும் மிளகாயும் வேறு கணக்கு. புதுப்புளி மாசி, பங்குனியில் வருகிறது. மிளகாயும் ஏறக்குறைய அப்போதுதான். கோயம்பேடு அங்காடி 1996இல் திறக்கப்பட்டுக் கொத்தவால் சாவடியின் காய்கறி வியாபாரம் அங்கே போய்விட்டாலும், மளிகை மொத்தக் கடைகள் பல இன்றும் சாவடியிலும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும்தான் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு நாள் அங்கே போய் ஓராண்டுக்கான புளி, மிளகாய், மல்லி, மிளகு வாங்கி, மாடியில் காயவைத்து, புளியைக் கொட்டை நீக்கி உப்புக் கலந்து ஜாடியில் அடைத்துவிட்டால், சாம்பார்த்தூள் பாக்கெட்டுகள் அனைத்தும் உங்கள் சிட்டையிலிருந்து மறையும். அடுக்ககத்தில் மாடிச் சாவியைப் பெறுவது புளி வாங்குவதைவிடக் கடினம் என்பதை அறிவேன்.

கோயம்பேட்டுக்கு வாரந்தோறும் தனியாகப் போவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. விலை மலிவு என்ற மயக்கத்தில் நான் ஒரு முறை ஒரு பெட்டி தக்காளியைத் தூக்கிவந்து, நான்காம் நாள் பாதியைக் குப்பையில் கொட்டினேன். ஆட்டோக் கூலியையும் சேர்த்தால் எங்கள் தெருக் கடை விலையைவிட அதிகம். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறை, வெங்காயம், உருளைக்கிழங்கு, சேனை, பூண்டு போன்று தாங்கும் சரக்கை மட்டும் வாங்கிப் பிரித்துக்கொண்டால் பலன் உண்டு. கீரையும் தக்காளியும் தெருவிலேயே வாங்குங்கள். தக்காளி விலை ஏறும்போது பட்டியலை மாற்றுவதைவிடச் சமையலை மாற்றுவது எளிது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகள் சிலவற்றில் அரசே 60 ரூபாய்க்குத் தக்காளி விற்ற நாட்களில், மோர்க்குழம்பும் வத்தக்குழம்பும் தெரிந்த வீடுகள் அதிகம் பதறவில்லை. உங்கள் மாமியாரிடம் கேட்டால் இன்னும் பத்துக் குழம்புகள் சொல்வார்.

மாவுப் பாக்கெட்டுகளை நிறுத்துங்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோ மாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்றாலும், வெளியில் வாங்கிய இட்லி அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்தால் கிலோவுக்கு இருபது ரூபாய் அளவே மிஞ்சும்; இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அந்த உழைப்புக்கு அது போதுமான கூலி அல்ல. ஆனால் ரேஷன் புழுங்கலரிசியில் அரைத்தால் கணக்கே மாறுகிறது, ஏனெனில் அது 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது; சென்னையில் எத்தனையோ வீடுகளின் இட்லி அதில்தான் வேகிறது.

உங்களிடம் அரிசி வாங்கும் ரேஷன் அட்டை இருந்தும், கௌரவம் கருதியோ நேரமின்மையாலோ அதைப் பயன்படுத்தவில்லை என்று சிட்டை காட்டுகிறது. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் பருப்பு ஒன்றுக்கே நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள். மாதக் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் பருப்பும் பாமாயிலும் தீர்ந்து போயிருக்கக்கூடும். ஆகவே முதல் வாரத்திலேயே, அட்டையில் பெயர் உள்ள யாராவது ஒருவர் ஒரு காலைப் பொழுதை அதற்கென்று ஒதுக்குங்கள்.